பால்பாயாசக் கதை சொன்னா கணக்கு வந்துடுமா?

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
நேத்து செல்வி டீச்சர் இங்கே எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறலை. "அம்பலப்புழை பால்பாயாசக் கதையைச் சொன்னேன், அடுக்கு எண் மொத்தமும் பிள்ளைங்களுக்குப் புரிஞ்சுபோச்சு, கதை இருந்தா கணக்கு தானா வரும்"னு எழுதியிருக்காங்க. கூடவே, சதுரங்கப் பலகையோட 64 கட்டத்துக்கும் சேர்த்து 2-இன் அடுக்கு 64, அதாவது 64 ரெண்டைப் பெருக்கினா வர்ற அத்தனை அரிசியாம். தப்பு. அதுல ஒண்ணு குறையணும். 1,84,46,74,40,73,70,95,51,615. கடைசி இலக்கம் 5. உங்க கணக்குப்படி 6 வரும்.

வேலந்தாவளம் செல்வி:
ஏனுங்க மாஷே, தெரியாதவங்களுக்காகக் கதையை முதல்ல சொல்லிடறேன். செம்பகசேரி ராஜாவுக்குச் சதுரங்கப் பித்து. முனிவர் வேஷத்துல வந்த கிருஷ்ணன் ஆடி ஜெயிச்சு, முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததுக்கு ரெண்டு, அப்புறம் நாலுன்னு கேட்டார். ராஜாவால கொடுத்து மாளலை. அந்தக் கடனுக்குத்தான் அம்பலப்புழை கிருஷ்ணன் கோவில்ல தினமும் பாயாசம்.

நான் வாயால மட்டும் சொல்லலைங்க. வராந்தாவுல சாக்பீஸால கட்டம் போட்டு, மட்ட அரிசியை எண்ணி வைக்கச் சொன்னேன். முதல் வரிசை முடியறப்ப 128. அடுத்த கட்டத்துல 256 வச்சதும் அரிசி கோட்டைத் தாண்டிப் போயிடுச்சு. "இனி எண்ண முடியாது டீச்சர், பெருக்கிட்டே போலாம்"னு ஒரு பொண்ணு தானா சொன்னா. அதை விட்டுட்டு ஒரு அரிசியைப் பிடிச்சுத் தொங்கறீங்க.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
அந்த ஒரு அரிசிதான் கணக்கே. 1, 2, 4 கூட்டினா 7, அடுத்த கட்டம் 8. அதையும் சேர்த்தா 15, அடுத்த கட்டம் 16. எந்தக் கட்டத்துல நின்னு பார்த்தாலும், அதுவரை வச்சதெல்லாம் சேர்ந்து அடுத்த கட்டத்தைவிட ஒண்ணு குறைவு. இதை ஒரு பிள்ளையாவது சொல்லுச்சா? சொல்லியிருக்காது. பாயாசத்துக்கு ஏலக்காய் உண்டான்னு கேட்டிருக்கும்.

மீனாட்சிபுரம் மளிகை:
கிலோவுக்கு 40,000 மணின்னு வச்சுக்குங்க. 16-ஆவது கட்டத்துல முக்கால் கிலோவுக்கு மேல. 21-ஆவது கட்டத்துக்கே 25 கிலோ சிப்பம் ஒண்ணு போதாது. மொத்தம் 46,000 கோடி டன் வருது. உலகம் பூரா வருஷத்துக்கு விளையற அரிசி ஏறக்குறைய 50 கோடி டன். 900 வருஷ விளைச்சல்! இதுல ஒரு மணிக்கு இத்தனை சண்டையா?

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
கடையில ஒரு மணி சிந்தினா நஷ்டமில்லை. கணக்குல சிந்தினா விடை தப்பு. டீச்சர், அந்த ஒண்ணு எங்கே?

செங்கோட்டைக்காரன்:
மொதல்ல இது அம்பலப்புழைக்கு மட்டும் சொந்தமான கதையே இல்ல. இப்னு கல்லிகான்னு ஒரு வரலாற்று ஆசிரியர் 13-ஆம் நூற்றாண்டுலயே அரபியில எழுதி வச்சுட்டாரு. அவருக்கு முந்தியே அல்பிருனிங்கற அறிஞர் இந்த எண்ணைப் போட்டுக் காட்டியாச்சு. ஏன், நம்ம பழைய தமிழ்க் கணக்கு நூல் கணக்கதிகாரம் இல்லையா? பலாப்பழத்துல காம்பைச் சுத்தி இருக்க முள்ளை எண்ணி, 6-ஆல பெருக்கி 5-ஆல வகுத்தா சுளை எத்தனைன்னு வெட்டாமலே சொல்லலாம். தமிழன் பாட்டாவே பாடி வச்சிருக்கான்.

மீனாட்சிபுரம் மளிகை:
வெட்டிப் பார்த்தீங்களா அண்ணாச்சி? நான் பார்த்தேன். ஒத்து வரலை.

வேலந்தாவளம் செல்வி:
1150-லயே பாஸ்கரர் லீலாவதிங்கற கணக்கு நூல்ல தேனீ, மயில், பாம்புன்னு வச்சுத்தான் கணக்குக் கொடுத்தார். அவருக்குத் தெரியாதது மாஷுக்குத் தெரிஞ்சுடுச்சா?

இங்கே பாலக்காட்டு எல்லையில தமிழ் மீடியத்துல படிக்கற பிள்ளைக்கு வீட்டுல தமிழ், கடைவீதியில மலையாளம், மேல படிக்கப் போனா இங்கிலீஷ். கணக்கு ஒண்ணாவது தன்னோடதுன்னு அதுக்குத் தோணணும். வாய்ப்பாடு ஒப்பிக்கலைன்னு பிள்ளைங்களை வெயில்ல நிறுத்தினதை இதே இடத்துல நியாயம் பேசினவர்தானே நீங்க? நாங்க மறக்கலைங்க.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
பழசை இழுக்கறது பதில் இல்லாதவங்க பண்ற வேலை. வாய்ப்பாடு தெரியாத பிள்ளை உங்க கட்டத்துல பத்தாவது தாண்டாது. பாஸ்கரர் மயிலை வச்சார், ஆனா விடையைச் சரியா வச்சார். கேரளத்துக் கணித மேதை சங்கமகிராமத்து மாதவன் கண்டுபிடிச்ச முடிவில்லாத கூட்டல் தொடர்களுக்கு, 16-ஆம் நூற்றாண்டுல ஜ்யேஷ்டதேவர் யுக்திபாஷாங்கற நூல்ல மலையாளத்துலயே படிப்படியா நிரூபணம் எழுதினார். ராஜாவும் வேண்டியிருக்கலை, முனிவரும் வேண்டியிருக்கலை. ஏன் அப்படின்னு காரணம் சொன்னார். அதைத்தான் நானும் கேட்கறேன். அந்த ஒரு அரிசி ஏன் குறையுது? கதையில அதுக்கு இடமே இல்லையே!

வேலந்தாவளம் செல்வி:
இருக்கு. கட்டம் கண்ணு முன்னாடி இருந்தா பிள்ளையே கண்டுபிடிக்கும்.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
கண்டுபிடிச்சுதா? பதிவைத் திருத்துவீங்களா மாட்டீங்களா?

வேலந்தாவளம் செல்வி:
மாட்டேன். நீங்க கேட்கற தோரணைக்கு மாட்டவே மாட்டேன்.

செங்கோட்டைக்காரன்:
மளிகைக்கடைக்காரரே, காம்பை ஒட்டின சிறுமுள்ளை மட்டும்தான் எண்ணணும் வே. நீரு எந்த முள்ளை எண்ணினீரு?

மீனாட்சிபுரம் மளிகை:
எல்லாத்தையும்தான் எண்ணினேன். ஒரே மரத்துல ரெண்டு பழம், ரெண்டுக்கும் வேற வேற கணக்கு வந்துச்சு. பாட்டு இருக்குங்கறதுக்காக சுளை கூடுமா?