டேக்அவேயில பொம்மை தூக்குற மெசின் வைக்கலாமோ?

ஹரோ சிப்ஸ்கடை:
வணக்கம். போன வருசம் ஹரோவில ஒரு சிப்ஸ் கடை எடுத்தனான். நாலு பேர் நிண்டு ஓர்டர் குடுக்கிற அளவுதான் இடம். போன கிழமை ஒரு ஆள் வந்து, முன் கண்ணாடிக்குப் பக்கத்தில பொம்மை தூக்குற மெசின் ஒண்டு தான் கொண்டந்து வைக்கிறன் எண்டார். கொக்கியால டெடி தூக்கிறது, ஒருக்கா விளையாட 1 பவுண். விழுற காசில பாதி எனக்கு, கரண்ட் மட்டும் என்ர செலவு. லைசன்ஸ் என்ன மாதிரி எண்டு கேட்டன். "காசுப் பரிசு இல்லைத்தானே, சின்னப்பிள்ளையளின்ர விளையாட்டு, ஒண்டும் தேவையில்லை" எண்டுறார். எண்ணெய் விக்கிற விலைக்கு இப்பிடி ஏதும் வந்தால் உதவிதான். வைக்கலாமோ?

சும்மா வாசிக்கிறவன்:
எங்கட ரோட்டுக் கபாப் கடையில கனகாலமா ஒண்டு நிக்குது. ஒருத்தரும் கேக்கேல்லை. யோசிக்காமல் வையுங்கோ.

பப்காரன்:
தம்பி, வைக்காதேங்கோ. கபாப் கடைக்காரரை இன்னும் பிடிக்கேல்லை, அவ்வளவுதான்.

நான் கெண்ட் பக்கம் பப் நடத்துறன், இந்தக் கடுதாசியளோடதான் என்ர சீவியம். பிரித்தானியாவின்ர 2005 சூதாட்டச் சட்டத்தில பொம்மை தூக்குற மெசினும் சூது மெசின்தான், டி வகுப்பு. ஒரு ஆட்டத்துக்கு 1 பவுண், பரிசு 50 பவுண் பெறுமதிக்கு மேல போகேலாது. பரிசு டெடியா காசா எண்டது கதையில்லை, வெல்லுறதில அதிர்ஷ்டம் கலந்திருக்கோ எண்டதுதான் கதை. எனக்கு மெசின் தாற பெடியன் ஒருக்கா இப்பிடி ஒண்டைத் திறந்து காட்டினவன். கொக்கியின்ர பிடியை உள்ளுக்கே கூட்டிக் குறைக்கலாம். கன தரம் டெடியை அரைவாசி தூக்கிப்போட்டு விட்டுடும், பிறகு ஒருக்கா இறுக்கிப் பிடிக்கும். பிள்ளை தான் கெட்டிக்காரன் எண்டு துள்ளும்.

இதுக்குக் கவுன்சில் பெர்மிட் குடுக்கிறது, முழுக்கவோ பெரும்பாலுமோ மெசின் விளையாடுறதுக்கெண்டே இருக்கிற இடத்துக்கு. மார்கேட், சவுத்எண்ட் கடற்கரையில பாத்திருப்பியள். டேக்அவே, டாக்ஸி ஒஃபிஸ் எல்லாம் அதுக்குள்ள வராது. விண்ணப்பமும் போடேலாது. பெர்மிட் இல்லாமல் வைச்சால் கிரிமினல் குற்றம். வந்த ஆள் மெசினைத் தூக்கிக்கொண்டு போயிடுவார், கடை வாசலில நிக்கப்போறது நீங்கள். அவரிட்ட, சூதாட்டத்தைக் கண்காணிக்கிற கேம்பிளிங் கொமிஷன்ர லைசன்ஸைக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ, பிறகு வாறாரோ பாப்பம்.

ஹரோ சிப்ஸ்கடை:
நன்றி அண்ணை. மச்சானுக்கு ஓஃப் லைசன்ஸ் கடை இருக்கு. அவர் குடிவகை விக்கிற லைசன்ஸ் வைச்சிருக்கிறார்தானே, அங்க போடலாமோ?

பப்காரன்:
இல்லை. குடிவகை லைசன்ஸை வைச்சு மெசின் போடுற சலுகை, பார் வைச்சு அங்கேயே குடிக்கக் குடுக்கிற இடத்துக்கு மட்டும். சாப்பாட்டோடதான் குடிவகை குடுக்கலாம் எண்டு நிபந்தனை இருக்கிற ரெஸ்டோரண்டுக்கும் இல்லை. போத்தில் கட்டிக் குடுக்கிற கடைக்கு வழியே இல்லை.

எசெக்ஸ்:
அண்ணை, இடையில பூருறதுக்கு மன்னிக்கவும். நான் ஒரு பப் எடுக்கிறன், அடுத்த மாதம் கைமாறுது. பழைய ஆள் வைச்ச ரெண்டு மெசின் நிக்குது. அது அப்பிடியே ஓடலாம்தானே?

பப்காரன்:
இதிலதான் கன பேர் சறுக்கிறது. மெசின் நிண்டாலும் உரிமை பழைய ஆளோட போயிடும். குடிவகை லைசன்ஸ் உங்கட பேருக்கு மாறேக்கை நீங்களும் கவுன்சிலுக்குப் புதுசா அறிவிச்சு 50 பவுண் கட்டவேணும். அதோட சி அல்லது டி வகுப்பில ரெண்டு வைக்கலாம். மூண்டாவது வேணுமெண்டால் பெர்மிட்டுக்குத் தனியா விண்ணப்பம். சி வகுப்பு எண்டால் 1 பவுண் ஆட்டம், 100 பவுண் பரிசு, 18 வயசுக்குக் கீழ தொடக்கூடாது. மெசினை டொய்லட் போற ஒழுங்கைக்குள்ள ஒளிச்சு வைக்காமல், பாரில நிக்கிற ஆளின்ர கண்ணில படுற மாதிரி வையுங்கோ.

காசுப் பரிசு மெசினுக்கு வரியும் இருக்கு, 2013இல வந்தது. ஓடத் தொடங்கிறதுக்கு 14 நாளுக்கு முதல் வரித் திணைக்களத்தில பதியவேணும். சி வகுப்புக்குப் பொதுவா 20 வீதம். மெசின்காரன் கட்டுவான் எண்டு நினையாதேங்கோ, லைசன்ஸ் ஆற்ற பேரிலயோ அவைதான் பொறுப்பு. சாவி வாங்கிற அண்டே பதிவு முடிஞ்சிருக்கவேணும், இல்லாட்டி பிளக்கைக் கழட்டி விடுங்கோ.

ஹரோ சிப்ஸ்கடை:
கடைசியா ஒண்டு. பிள்ளையள் ஏறியிருந்து ஆடுற கார் வைக்கலாமோ?

பப்காரன்:
பரிசு ஒண்டும் விழாட்டி அது சூது மெசின் இல்லை, வையுங்கோ. லான்ட்லோர்டிட்டயும் இன்சூரன்ஸ்காரரிட்டயும் முதல் கேளுங்கோ. நாலு பேர் நிக்கிற கடையில காரை எங்க விடப்போறியள் எண்டதுதான் எனக்கு விளங்கேல்லை.