புரொம்ப்ட்டுக்குத் தமிழ் என்ன? தூண்டலா, கொளுவா, எடுப்பா?

பரந்தனிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சொல் தேவைப்படுகிறது, உதவுங்கள். ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வாசிகசாலையில் பதினொரு பிள்ளைகளுடன் இருந்து கவிதை எழுதிப் பழகுகிறோம். நான் ஒரு சொல்லோ, ஒரு வரியோ, சில நேரம் ஒரு துருப்பிடித்த பூட்டோ முன்னால் வைப்பேன், அதைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் எழுதவேண்டும். அடுத்த கிழமை அதையே வேறு வடிவத்தில் போட்டுப் பார்க்கவேண்டும், வசனகவிதையாய் வந்தது குறள் வெண்பாவாகும், வெண்பா சிந்தாகும். இப்படி முன்னால் வைக்கிற சாமானை ஆங்கிலத்தில் புரொம்ப்ட் என்கிறார்கள். கரும்பலகையில் 'தூண்டல்' என்று எழுதிப்போட்டேன். சாதாரண தரம் படிக்கிற பெடியன் ஒருவன் உடனே, "சேர், அப்ப நாங்கள் எழுதுறது துலங்கலோ?" என்றான். விஞ்ஞானப் புத்தகத்தில் தூண்டலும் துலங்கலும் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கின்றன, தொட்டாற்சுருங்கியைத் தொட்டால் சுருங்கும். எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் அவன் சொன்னது சரி. தொட்டாற்சுருங்கி யார் தொட்டாலும் சுருங்கத்தான் செய்யும். அந்தப் பூட்டைப் பார்த்துப் பதினொரு பேரும் பதினொரு விதமாக அல்லவா எழுதினார்கள். கணினிக்காரர் செயற்கை நுண்ணறிவுக்கும் தூண்டல் என்று போடத் தொடங்கிவிட்டார்கள். அங்கே அது இருந்துவிட்டுப் போகட்டும், கவிதைக்கு வேறு வேண்டும்.

ஓமந்தையிலிருந்து:

அண்ணை, புதிதாய் ஏன் ஆக்குவான்? பழைய இலக்கணத்திலேயே கிடக்கிறது. புறப்பொருள் வெண்பாமாலையை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு துறைக்கும், அதாவது பாடுபொருளின் சிறு பிரிவுக்கும், முதலில் கொளு வரும், அந்தத் துறையில் என்ன நடக்கிறது என்று இரண்டு அடியில் சொல்லிவிடும், அதன் பிறகு வெண்பா. கொளுவைக் கொடுத்தால் வெண்பாவை எழுதலாம். இதைவிட நல்ல புரொம்ப்ட் எங்கே இருக்கிறது? 'கொளு' என்றே வைப்போம், இரண்டே எழுத்து.

'துறை' என்றும் யோசித்தேன். எங்கள் ஆட்களுக்குத் துறை என்றால் தோணியும் பல்கலைக்கழகமும்தான் ஞாபகம் வரும், விட்டுவிட்டேன். 'அடி கொடுத்தல்' மட்டும் வேண்டவே வேண்டாம். "சேர் இன்றைக்கு எங்களுக்கு அடி கொடுத்தார்" என்று பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால் தாய் தகப்பன் உங்களைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

மாங்குளத்திலிருந்து:

தம்பிமார் இரண்டு பேருக்கும். கொளு நல்ல சொல்தான், ஆனால் ஒன்றை விளக்கிச் சொல்வதுதான் அதன் வேலை, துருப்பிடித்த பூட்டைக் கொளு என்று எப்படிச் சொல்வது? நான் இளவயதில் கூத்தில் கொப்பியை வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றவன். ஆடுகிறவருக்குச் சொல் வராவிட்டால் முதல் இரண்டு சொல்லை மெதுவாய்ச் சொல்லுவேன், மிச்சத்தை அவர் தானே பிடித்துக்கொண்டு போவார். அந்த வேலைக்கு நாங்கள் சொன்ன பெயர் எடுத்துக் கொடுக்கிறது. புரொம்ப்ட் என்ற ஆங்கிலச் சொல்லும் மேடையில் இதே வேலைக்கு வழங்குகிற சொல்தான்.

கோயிலில் கந்தபுராணப் படிப்புக்குப் போயிருந்தால் உங்களுக்கே தெரியும். காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்பருக்கு முருகன் 'திகடசக்கர' என்று அடி எடுத்துக் கொடுத்தான். அதில் தொடங்கி அவர் நாளுக்கு நூறு பாட்டாக எழுதி, இரவில் ஏட்டைச் சந்நிதியில் வைத்துவிட்டுப் போவாராம், விடியப் பார்த்தால் திருத்தம் போட்டிருக்குமாம். இப்படி 10,345 பாட்டு. எடுத்துக் கொடுத்தவனே திருத்தியும் கொடுத்திருக்கிறான், தம்பி பரந்தனில் செய்வதும் இதுதான். அரங்கேற்றத்தில் அந்த முதல் சொல்லே பிழை, 'திகழ் தசக்கரம்' எப்படித் 'திகடசக்கரம்' ஆகும் என்று ஒருவர் மறித்தார், சோழநாட்டிலிருந்து வந்த புலவர் வீரசோழியம் என்ற இலக்கண நூலைக் காட்டித்தான் வாயடைத்தார் என்பது கதை. முருகன் கொடுத்ததற்கே விதி கேட்ட ஊர், நாங்கள் ஆக்குகிற சொல்லையா விடும்!

ஆகவே 'எடுப்பு'. வரியாகக் கொடுத்தால் அடியெடுப்பு, சொல்லாகக் கொடுத்தால் சொல்லெடுப்பு, பூட்டைக் கொடுத்தால் பொருளெடுப்பு. கீர்த்தனையில் பல்லவிக்கும் எடுப்பு என்ற பெயர் இருக்கிறது, பாட்டுத் தொடங்குகிற இடம் என்பதால் இடிக்காது.

பரந்தனிலிருந்து:

ஐயா, போன ஞாயிறு போட்டுப் பார்த்தேன். ஈற்றடியை அடியெடுப்பாகக் கொடுத்தேன்: "குளத்துக்கு வந்த குருகு". மேலே ஒரு அடி எழுதிக் குறள் வெண்பாவாக்க வேண்டும். ஒரு பிள்ளை இப்படி எழுதினாள்:

வளவெல்லாம் வெள்ளம் நின்ற பிறகு
குளத்துக்கு வந்த குருகு

2018 மார்கழி வெள்ளத்தில் அவர்கள் வளவுக்குள் தண்ணீர் நின்றதை எழுதியிருக்கிறாள். எதுகை அமைந்துவிட்டது, ஆனால் தளை, அதாவது ஒரு சீரோடு அடுத்த சீர் சேருகிற விதி, தட்டுகிறது. 'வெள்ளம்' தேமா என்ற வகைச் சீர், மாச்சீருக்கு அடுத்து 'பிற' போன்ற நிரையசைதான் வரவேண்டும், 'நின்ற' 'நின்' என்ற நேரசையில் தொடங்குகிறது. சொல்லைத் தேடச் சொன்னேன், 'வடிந்த' என்று மாற்றினாள். தளை சரி. ஆனால் பாட்டே மாறிப்போனது, கவனித்தீர்களா? வெள்ளம் நின்றபோது வளவெங்கும் மீன் ஓடும், கொக்குக்குக் குளம் எதற்கு? வடிந்த பிறகுதான் அது குளத்துக்குத் திரும்பவேண்டி வரும். தளையைப் பார்க்கப் போய் உண்மையைப் பிடித்துவிட்டாள். நான் ஆசைப்பட்டு 'வடிந்தபின் மெல்ல' என்று போடு, இன்னும் அழகு என்றேன். "மெல்ல சும்மா இடம் நிரப்புது சேர்" என்று மறுத்துவிட்டாள். அவள் சொன்னதுதான் நின்றது.

இந்த இடத்தில் இன்னொரு சொல்லும் வேண்டும். இதைத் 'திருத்தம்' என்றால் பிள்ளைகளுக்குச் சிவப்புப் பேனை ஞாபகம் வருகிறது, பிழையாய்ப் போயிற்று என்று முகம் வாடுகிறது. 'மீள்வரைவு' அலுவலகக் கடிதம் மாதிரிக் கிடக்கிறது.

மாங்குளத்திலிருந்து:

திருத்தத்தை விடவேண்டாம் தம்பி. காடு வெட்டிக் காணி திருத்தி இருந்த ஆட்கள் நாங்கள், அதில் பிழை எங்கே வந்தது? மரம் தறித்து, வேர் பிடுங்கி, வரம்பு கட்டி, முதல் போகம் போட்ட பிறகும் காணியைத் திருத்திக்கொண்டுதான் இருப்போம். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள், சிவப்புப் பேனையை ஒளித்து வையுங்கள்.

ஓமந்தையிலிருந்து:

திருத்தம் எனக்குச் சம்மதம். எடுப்பில் மட்டும் ஒரு கரைச்சல் இருக்கிறது ஐயா, எங்கள் பக்கத்தில் "அவனுக்குச் சரியான எடுப்பு" என்றால் தலைக்கனம் என்றுதான் விளங்கும். எழுதத் தொடங்கின பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் இருந்தால் குறையில்லை என்று நினைத்து நானும் கையைத் தூக்குகிறேன். கொளுவை வரைவிலக்கணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். அண்ணை, அந்தத் துருப்பிடித்த பூட்டை இந்தக் கிழமை யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள், எங்கள் ஆட்களுக்கும் வேண்டும்.