மாதவரத்தில் சோயா, இரண்டாம் வருடமும் இலையில் புள்ளி

மாதவரம் தோட்டம்:
வீட்டுக்குப் பின்னால் 5 சென்ட் இடத்தில் போன புரட்டாசியில் சோயா போட்டேன், அதில் எடுத்து வைத்த விதையையே இந்தப் புரட்டாசியிலும் அதே இடத்தில் போட்டேன். பூ விடும்போது இலை முழுக்கப் புள்ளி. இரண்டு தடவை மருந்து அடித்தும் மேல் இலைக்கு ஏறுகிறது. அறுத்த தட்டையை எருவாகட்டும் என்று அங்கேயே விட்டிருந்தேன். தினமும் சாயங்காலம் ஹோஸில் மேலாகத் தண்ணீர் தெளிப்பேன். எங்கே தப்பு?

மீஞ்சூர் உழவன்:
தட்டையை மேலாகவே விட்டதுதான் முதல் தப்பு. நடுவில் சாம்பல் நிறம், ஓரம் செம்பழுப்பு என்றால் அது தவளைக்கண் இலைப்புள்ளி. அந்தப் பூஞ்சாணம் காய்ந்த தட்டையிலும் விதையிலும் அடுத்த பட்டம் வரை தங்கும், நீங்கள் இரண்டையும் அதே மண்ணில் போட்டிருக்கிறீர்கள். சாயங்காலத் தண்ணீரில் இலை விடியும்வரை ஈரமாகவே நிற்கும், பூஞ்சாண வித்து முளைக்க அது போதும். காலையில் வேரில் மட்டும் விடுங்கள். அப்புறம், வரிசை இடைவெளி எவ்வளவு?

எண்ணூர் பாட்டை:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் துரு நோயா என்று முதலில் பாருங்கள், அதற்குத் தட்டை காரணமில்லை. துரு பச்சை இலையில்தான் உயிர்வாழும், அதனால்தான் பிரேசிலில் வருடத்தில் சில மாதம் வயலில் ஒரு சோயா செடிகூட நிற்கக்கூடாது என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். அடி இலையைத் திருப்பி விரலால் தேயுங்கள், பழுப்புத் தூள் ஒட்டினால் துரு. மஞ்சள் திட்டாக இருந்தால் அது தேமல் என்கிற வைரஸ் நோய், வெள்ளை ஈ பரப்புவது, பூஞ்சாண மருந்து அடித்துப் பயனே இல்லை.

மாதவரம் தோட்டம்:
இப்போதுதான் பார்த்தேன். தூள் ஒட்டவில்லை, நடுவில் சாம்பல்தான். இடைவெளி ஒரு சாண் கூட இருக்காது, நெருக்கித்தான் விதைத்தேன், உள்ளே கை விட்டால் மத்தியானம்கூட ஈரம்.

மீஞ்சூர் உழவன்:
அப்போ காற்றே போகாது, ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். அடுத்து வரிசைக்கு 30 செ.மீ. விடுங்கள். தட்டையை அள்ளி வெளியே மக்க வையுங்கள், மண்ணுக்குச் சத்து வேண்டும் என்றால் மக்கியபின் கொண்டுவந்து போடலாம். அந்த இடத்தில் ஒரு வருடம் மக்காச்சோளமோ கம்போ போடுங்கள், இந்தப் பூஞ்சாணம் அதில் ஏறாது. அதற்குப் பிறகு சோயாவை மாசிப்பட்டத்தில், புது விதையில். அப்போது வெள்ளை ஈ கூடும், தேமல் உளுந்திலும் வரும் என்பதால் பக்கத்தில் உளுந்து மட்டும் வேண்டாம்.

மாதவரம் தோட்டம்:
நாளைக்கே தட்டையை அள்ளுகிறேன். இந்த விதையைச் சமையலுக்கு எடுக்கலாமா?

எண்ணூர் பாட்டை:
தாராளமாக, நன்றாகக் காய்ந்து பூசணம் இல்லாமல் இருந்தால் சரி. விதைக்கு மட்டும் வைக்காதீர்கள்.