கடல்நீர் இன்னும் காரம்தானே, அப்புறம் சிப்பிக்கு என்ன ஆபத்து?

அலைவாய்:
பி.எச். 7-க்குக் கீழே போனால்தான் அமிலம் என்று படித்தோம். கடல் 8.2-லிருந்து 8.1-க்கு வந்ததற்கே 'அமிலமாகிறது' என்கிறார்கள். 0.1 குறைந்தால் ஓடு கரைந்துவிடுமா? மகளின் பள்ளிச் செயல்திட்டம், எனக்கே புரியாததை எழுதிக்கொடுக்க மனம் வரவில்லை.

உப்புக்காற்று:
கடல் அமிலமாகிவிடவில்லை, அந்தப் பக்கம் நகர்கிறது. பி.எச். மடக்கை அளவு, அதாவது ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்காகும் என்பதால், 0.1 குறைந்தாலே ஹைட்ரஜன் அயனி கால் பங்கு கூடிவிடும். கரியமில வாயு கடலில் கரையும்போது வருகிற இந்த அயனிகள் கார்பனேட்டைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சிப்பி ஓடு கட்டுவதே அந்தக் கார்பனேட்டை வைத்துத்தான். அதனால் கரைவதைவிட, கட்டச் சரக்கு கிடைக்காததுதான் முதல் சிக்கல்.

முத்துக்குளி:
இதற்கு அமெரிக்காவின் ஒரிகானில் நடந்ததைச் சொல்லுங்கள். நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் விஸ்கி கிரீக் என்ற சிப்பிக்குஞ்சு பொரிப்பகம், 2007, 2008 வாக்கில் அங்கே குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. முதலில் விப்ரியோ பாக்டீரியா என்று நினைத்து நீரைச் சுத்தம் செய்தார்கள், சாவு நிற்கவில்லை. கோடையில் வடக்கிலிருந்து காற்றடித்து மேல்நீரைத் தள்ளிவிட, கரியமில வாயு நிறைந்த ஆழ்கடல் நீர் மேலே வருகிறது, அதைத்தான் தொட்டிக்கு இறைத்திருக்கிறார்கள். முட்டையிலிருந்து வந்த முதல் 2 நாளில் குஞ்சு இரை எடுக்காது, முட்டையில் இருந்த கொஞ்சம் சக்தியை வைத்தே முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். கார்பனேட் குறைந்த நீரில் அதற்கே சக்தியெல்லாம் தீர்ந்துவிடும், பாவம், அப்புறம் அது எப்படிப் பிழைக்கும்? காரணம் தெரிந்தபின் தொட்டி நீரில் சோடியம் கார்பனேட், அதாவது நம்ம சலவைச் சோடா, கலந்துதான் மீண்டார்கள்.

அலைவாய்:
நன்றிங்க, இப்போது பிடிபட்டது. பெரிய சிப்பிக்கு ஒன்றும் ஆகாதா?

முத்துக்குளி:
ஓரளவு தாங்கும். குஞ்சின் ஓடு அரகோனைட், வளர்ந்ததன் ஓடு பெரும்பாலும் கால்சைட், இரண்டுமே கால்சியம் கார்பனேட்டின் வேறுவேறு படிக வடிவங்கள்தான், இரண்டில் அரகோனைட்தான் சீக்கிரம் கரையும். பவளமும் அரகோனைட்தான், அதனால்தான் அதற்கும் பயப்படுகிறோம்.

உப்புக்காற்று:
ஒன்று மட்டும், கோழிமுட்டையை வினிகரில் போட்டு ஓடு கரைவதைக் காட்டும் சோதனையை இதில் சேர்க்காதீர்கள். வினிகரின் பி.எச். 3-க்கும் கீழே, கடல் அப்படிப் பொங்கிக் கரைக்கும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.