பெரிய மரச்சட்டத்துக்கு எந்த இணைப்பு? "ஆணியே இல்லை" என்பவர்களுக்கு

உளிக்காரன்:
கார் ஷெட்டுக்கு மூட்டு எப்படிப் போடுறதுன்னு வந்த கேள்விக்கு நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார்: "ஜப்பான் கோயில்ல ஒரு ஆணிகூட கிடையாது, அதனால கார் ஷெட்டுக்கும் போல்ட் வேண்டாம்." அங்கே மரத்துலயே கட்டின ஹோர்யூஜி கோயில்ல இரும்பு ஆணி இருக்குங்க. 1300 வருஷப் பழசு. ரெண்டு நிமிஷ வீடியோ பார்த்துட்டு வந்து தச்சு வேலை சொல்லித்தராதீங்க.

நாஞ்சிலான்:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேர் சொல்லியே திட்டலாம். பத்மநாபபுரம் அரண்மனைக்கு வந்து அண்ணாந்து பாருங்க. கூரையில சாய்வா இறங்குற கழுக்கோலைத் துளைச்சு, குறுக்கே வளைங்கிற சட்டத்தைக் கோத்திருக்கான். ஆணி எங்கே?

உளிக்காரன்:
நான் கேட்டது ஜப்பான். ஹோர்யூஜியில ஆணி இருக்கு.

சைட் இன்ஜினியர்:
ஆணியை விடுங்கப்பா. கழுந்து, அதான் துளைக்குள்ள நுழையுற மரமுனை, அதோட கனம் மரத்துல மூணுல ஒரு பங்கு இருக்கணும். கழுந்துல போடுற முளைத்துளையை ரெண்டு மூணு மில்லிமீட்டர் தோள் பக்கம் (கழுந்து தொடங்குற படி) தள்ளிப் போட்டா, முளைங்கிற மரக்குச்சியை அடிக்கும்போதே மூட்டு இறுகிக்கும். ஆனா இழுவை அதிகமா வர்ற இடத்துக்கு முளையை மட்டும் நம்ப முடியாது. அங்கே தகடும் போல்டும்தான்.

நாஞ்சிலான்:
பச்சை மரத்துல போல்ட் போட்டா, காய்ஞ்சு சுருங்கினதும் நட்டு லூசாகும். வருஷா வருஷம் ஸ்பேனரோட ஏறுவீங்களா சார்?

சைட் இன்ஜினியர்:
காய்ஞ்ச மரமா வாங்குங்க. திருவாரூர் ஆழித்தேருக்கே இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக்...

நாஞ்சிலான்:
சக்கரம் எப்ப சார் மூட்டு ஆச்சு?

மரமண்டை:
பத்மநாபபுரம் இருக்கறது தமிழ்நாட்டுல, பராமரிக்கறது கேரளா. அதை மட்டும் யாரும் பேச மாட்டீங்க.

நாஞ்சிலான்:
ஆரம்பிச்சுட்டாரு. அது 1956-ல மாநிலம் பிரிச்சப்பவே முடிஞ்ச கணக்கு.

மரமண்டை:
யாருக்கு முடிஞ்சது?

உளிக்காரன்:
பேச்சை மாத்தாதீங்க. தேக்கா வேங்கையான்னு ஓடின திரியிலயும் நாஞ்சிலான் இப்படித்தான் பாதியில நழுவினார். ஹோர்யூஜியில ஆணி இருக்கா, இல்லையா?

நாஞ்சிலான்:
இருந்துட்டுப் போகட்டும். கூரைக் கைமரத்துக்கு அடிச்சிருப்பான். தூண் மூட்டுக்கு இல்லையே!

உளிக்காரன்:
"ஒரு ஆணிகூட"ன்னு எழுதினது யாரு? ஸ்கிரீன்ஷாட் இருக்கு.

புதுவீட்டுக்காரர்:
ஐயா, ஷெட் கேள்வி என்னோடது. இருபதடி அகலம், வேங்கை உத்தரம். தூண் தலையில கழுந்து போதுமா, போல்டும் வேணுமா? ஆசாரி நாளைக்கு வர்றார்.

உளிக்காரன்:
கொஞ்சம் பொறுங்க. அவர் முதல்ல ஆணிக்குப் பதில் சொல்லட்டும்.

நாஞ்சிலான்:
ஸ்கிரீன்ஷாட் எடுத்த நேரத்துக்கு ஒரு உளியாவது தீட்டியிருக்கலாம்.