அரைக் கேஸ்தான் வெளியே வந்தது

பித்தளைப்பித்தன்:
303 தோட்டா சுடும் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன், மூன்று மாதமாக மனதை விட்டுப் போகவில்லை. என்னுடையது பழைய லீ-என்ஃபீல்டு ரைஃபிள். கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) எல்லாம் நானே மறுபடி மருந்து நிரப்பி ரீலோடு செய்தவை, ஐந்தாவது சுற்று. அன்றைக்குப் பதினோராவது தோட்டா. சத்தம் வழக்கம்போலத்தான் இருந்தது. கன்னத்தில் மட்டும் சுடுதண்ணீர் தெளித்த மாதிரி ஒரு காற்று. போல்ட்டை, அதாவது பின்னால் அடைக்கும் தாழை, இழுத்தேன், ஏதோ தெறித்துப் புல்லில் விழுந்தது. அடுத்த தோட்டாவைத் தள்ளினால் பாதியில் முட்டி நிற்கிறது. குனிந்து புல்லில் கிடந்ததை எடுத்துப் பார்த்தேன். ரிம் (அடி விளிம்பு), பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் மூடி), அதற்கு மேல் அரை அங்குலம், அவ்வளவுதான். பிளேடால் சுற்றி அறுத்தது போல விளிம்பு. மீதிக் குழாய், தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள்ளேயே நிற்கிறது. கண்ணாடியைக் கழற்றினால் வலது சில்லு முழுக்க மஞ்சள் பொடி.

கேஸ் பிய்வது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு உறுத்துவது அது இல்லை. முந்தின வாரம் கேஸ்களைத் துடைக்கும்போது மூன்றில் அடிப்பக்கம் பளபளவென்று ஒரு வளையம் பார்த்தேன். சுட்ட கேஸைப் பழைய அளவுக்கு அமுக்கும் அச்சான டையில் உரசிய தடம் என்று நினைத்து நகத்தால் தடவிவிட்டு டப்பாவில் போட்டேன். அந்த நகம் தடவிய நொடிதான் திரும்பத் திரும்ப வருகிறது.

இடதுகைக்காரன்:
எனக்கு நேர் எதிர். சத்தமே வராத கதை. சுட்டது நானில்லை, பக்கத்து மேசையில் என் நண்பன். நேரம் வைத்துச் சுடும் பயிற்சி, போல்ட் ஆக்‌ஷன். நடுவில் ஒன்று மட்டும் 'டொப்' என்றது, பாட்டில் கார்க்கைப் பிடுங்கிய மாதிரி. காதில் மூடி, கையில் வேகம். அவன் பாட்டுக்கு போல்ட்டைத் திறந்து மூடிவிட்டான். "நிறுத்துடா!" என்று கத்திக்கொண்டே அவன் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினேன். திட்டினான். தோட்டாவை எடுத்துவிட்டு, போல்ட்டையும் கழற்றி, பின்னாலிருந்து பார்த்தால் பேரலுக்குள் வெளிச்சமே இல்லை. குண்டு நான்கு அங்குலம் போய் மாட்டியிருந்தது. சேம்பர் வாயிலேயே நின்றிருந்தால் அடுத்த தோட்டா உள்ளே போகாது, அதுவே தடுத்திருக்கும். தள்ளிப் போனதால் அடுத்தது சுகமாக உட்கார்ந்துவிட்டது.

குச்சி குச்சியான வெடிமருந்து அளவுக்குழாயில் அடைத்துக்கொண்டு ஒரு கேஸில் கொஞ்சமாக விழுந்திருக்கிறது. சரி, மிச்சம் இன்னொரு கேஸில் விழுந்திருக்க வேண்டும், அது எங்கே? மீதி இருந்த எல்லாத் தோட்டாவையும் பிரித்து எடை பார்த்தோம், ஒன்றிலும் அதிகமில்லை. அப்புறம்தான் அவன் மெதுவாகச் சொன்னான்: "மூணாவது ரவுண்டுல போல்ட் கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சுடா." அழுத்தம் அதிகமானால் போல்ட் அப்படித்தான் இறுகும்.

அளவுகோல்:
பித்தளைப்பித்தன், கேஸ் மேல் பழி போடாதீர்கள். தப்பு உங்கள் டையில் இருக்கிறது. எனக்கும் 303-இல் ஒருமுறை பிய்ந்தது, உடைந்த கேஸ் எடுக்கும் கருவியை விட்டு எடுத்தேன், என் கதை அவ்வளவுதான். ஆனால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

303 ரிம்மில் நிற்கும் தோட்டா. போர்க்களத்துச் சேறும் அழுக்கும் இருந்தாலும் உள்ளே போக வேண்டும் என்று சேம்பரைத் தாராளமாகவே குடைந்திருப்பார்கள். சுட்டதும் கேஸின் தோள் முன்னால் போய் சேம்பர் சுவரில் பதியும். நீங்கள் டையை ஷெல்ஹோல்டரில் (கேஸைப் பிடிக்கும் தாங்கியில்) முட்டும் வரை இறக்கி, அந்தத் தோளைப் பழைய இடத்துக்கே தள்ளியிருப்பீர்கள். அடுத்த முறை சுட்டதும் மறுபடி நீளும். நீள்வதற்குப் பித்தளை எங்கிருந்து வரும்? கேஸ் அடியின் தடித்த பாகம் முடிந்து சுவர் தொடங்கும் இடத்திலிருந்துதான். நீங்கள் பார்த்த வளையம் அதுதான்.

கேஸின் கழுத்தை மட்டும் டையில் அமுக்கி சைஸ் செய்யுங்கள், இல்லாவிட்டால் டையைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டு, கேஸ் சேம்பரில் இலேசாக உரசிப் போகும் அளவுக்கு வையுங்கள். ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை வளைத்து உள்ளே விட்டுச் சுவரை வருடிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கேஸைக் குறடால் நசுக்கிவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். கேஸ் நீளம் அளக்கிறீர்களா? 308 தோட்டாவின் கேஸுக்கு உச்சம் 2.015 அங்குலம். அதைத் தாண்டினால் கேஸ் வாய் சேம்பர் நுனியில் இடித்துக் குண்டைக் கவ்விக்கொள்ளும், அழுத்தம் ஏறும். மின்தராசாக இருந்தால் படிக்கல் வைத்து அடிக்கடி சரிபாருங்கள், பேட்டரி இறங்கினால் அது பொய் சொல்லும்.

பித்தளைப்பித்தன்:
டை எப்படி வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லையே ஐயா. நீங்கள் சொன்னதெல்லாம் சரி, கேஸ் பிய்ந்த அன்றைக்கு ராத்திரியே படித்துத் தெரிந்துகொண்டேன். 308 என்னிடம் கிடையாது. நான் எழுதியது கண்ணால் பார்த்தும் கடந்து போனதைப் பற்றி.

ராத்திரி ரீலோடர்:
என்னிடம் ஒரு டப்பாவில் பாதி போல்ட் இருக்கிறது. 30-06 ரைஃபிள், மவுசர் வகை ஆக்‌ஷன். மேசையில் இரண்டு மருந்து டப்பா இருந்தது, 4350 ஒன்று, 4198 ஒன்று. இரண்டும் சாம்பல் நிறக் குட்டைக் குச்சிகள், கொட்டினால் பிரித்துச் சொல்ல முடியாது. 4198 வேகமாக எரிவது, சின்ன 223 தோட்டாவுக்காக வாங்கியது. அளவுக்கருவியில் முதல் நாள் மிச்சத்தை விட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறேன். மறுநாள் அதிலிருந்தே 4350-இன் எடைக்குப் போட்டேன். தராசு சரியான எடையைத்தான் காட்டியது. அதனால்தான் ஏமாந்தேன்.

முதல் சுடலிலேயே எல்லாம் முடிந்தது. கையில் உலுக்கல், மேகஸின் அடித்தகடு காலடியில், ஸ்டாக் கைப்பிடி வரை பிளந்திருக்கிறது. கேஸை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரைக் காணோம். 30-06-க்கு அழுத்த வரம்பு 60,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), அன்றைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. போல்ட்டை ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தார்கள். போல்ட் முகத்தில் பித்தளை உருகி ஒட்டி, கேஸ் அடியில் எழுத்தே இல்லாமல் வழித்துப் போயிருந்தது. மவுசர் போல்ட்டில் காற்று பக்கவாட்டில் வெளியேற ஓட்டை வைத்தவரைக் கும்பிட வேண்டும், என் கண் தப்பியது அதனால்தான். இப்போதெல்லாம் மேசையில் ஒரே டப்பா.

இன்னொன்று, 4350 என்று இரண்டு பிராண்டில் எழுதியிருந்தாலும் இரண்டும் ஒரே மருந்து இல்லை. ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். (நானும் அறிவுரையில் இறங்கிவிட்டேன்.)

சின்னமேகஸின்:
என் கதை குட்டி. ஏ.ஆர்.-15 ரகத் துப்பாக்கிகள் இரண்டு, ஒன்று 223 தோட்டா சுடுவது, ஒன்று 300 பிளாக்அவுட் சுடுவது. இரண்டுக்கும் மேகஸின் ஒன்றுதான், மாற்றி மாட்டினால் தெரியாது. பிளாக்அவுட் கேஸ்களை 223 கேஸை வெட்டித்தான் செய்தேன். அடியில் பொறித்திருப்பது இன்னமும் 223! தம்பி அதைப் பார்த்து 223 என்று எடுத்திருக்கிறான். பிளாக்அவுட்டின் 0.308 அங்குல விட்டக் குண்டு 223-இன் 0.224 அங்குலப் பேரலுக்குள் போகாது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் குண்டு கேஸுக்குள் பின்வாங்கி, போல்ட் மூடிக்கொள்ளும். மூடியது. மேகஸின் கீழே சிதறியது, ரிசீவர் (துப்பாக்கியின் உடல்) பலூன் மாதிரி வீங்கியது. தம்பிக்கு விரலில் இரண்டு தையல். "அதுலதானே அண்ணா எழுதியிருந்தது" என்றான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

பழைய இரும்பு:
எல்லோரும் கையால் போட்ட தோட்டாவையே குற்றம் சொல்கிறீர்கள். துப்பாக்கியே விரிசலோடு பிறந்திருந்தால்? அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையின் 1903 ரைஃபிள், வரிசை எண் 8,00,000-க்குக் கீழே என்றால் ரிசீவர் நொறுங்கும் ரகம். பட்டறையில் இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டைக் கணித்தார்கள், அதிகமாகக் காய்ச்சியதால் எஃகு கண்ணாடி போல ஆனது. 1917-இல் வெடித்த பிறகுதான் விசாரித்தார்கள். என் மாமா வைத்திருந்தது அந்த ரகம். சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம், சுடுவதில்லை.

இடதுகைக்காரன்:
ஐயா, அன்றைக்கு வெடித்ததிலும் கேஸ் அடி மென்மையாக இருந்து காற்று கசிந்தது ஒரு காரணம். தோட்டாவும் சேர்ந்துதான். அதோடு, ஒரு கதையாவது சொல்லுங்கள் என்றால் வரலாறு சொல்கிறீர்கள்.

முதல்விரல்:
எஸ்.கே.எஸ். (தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றும் ரைஃபிள்) வைத்திருப்பவர்கள் பிரைமரை விரலால் தடவிப் பாருங்கள், கேஸ் அடியைவிட மயிரளவு மேலே நின்றாலும் போதும். எனக்கு போல்ட்டை விட்டதும் வெடித்தது, விரல் டிரிகர் பக்கமே இல்லை. பெரும்பாலான எஸ்.கே.எஸ்.ஸில் பிரைமரை அடிக்கும் ஊசிக்கு ஸ்பிரிங் கிடையாது, அடித்துக்கொண்டு முன்னால் போகும். குழல் மண்மேட்டைப் பார்த்திருந்தது. பக்கத்தில் இருந்தவர் "என்ன அவசரம்?" என்றார்.

ராத்திரி ரீலோடர்:
பித்தளைப்பித்தன், வளையம் பார்த்ததாகச் சொன்ன மற்ற இரண்டு கேஸ்?

பித்தளைப்பித்தன்:
ஒன்றைச் சுட்டிருந்தேன், எந்தத் தொந்தரவும் இல்லை. இன்னொன்று டப்பாவிலேயே இருந்தது. குண்டையும் மருந்தையும் எடுத்துவிட்டு நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்தேன். உள்சுவரில், வளையத்துக்கு நேரே, காகிதம் அளவுக்குத்தான் பித்தளை மிச்சம். ரீலோடிங் பிரஸ் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.