காதலும் வேண்டாம், ‘மகள் மாதிரி’யும் வேண்டாம்: அப்படி ஒரு படம் உண்டா?

ரப்பர்தேன் (குலசேகரம்) கேட்டது:

நடுத்தர வயது ஆணும் இளம் பெண்ணும் நண்பர்களாக மட்டுமே இருக்கும் படங்களின் பெயர்கள் வேண்டும். எனக்கு எதெல்லாம் வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடைவேளைக்குப் பிறகு காதலாக மாறக் கூடாது. ‘நீ எனக்கு மகள் மாதிரி’ என்று ஒரு வசனம் பேசி ஊரிடம் நற்சான்றிதழ் வாங்கக் கூடாது. கடைசியில் யாரும் சாகக் கூடாது.

எனக்கு 27 வயது. தேனீ வளர்க்கிறேன். தொழிலில் என் கூட்டாளிக்கு 54. ஊரே அவரை அண்ணன் என்றுதான் அழைக்கும், நானும் அப்படியே. தேன்பெட்டிகளை இடம் மாற்றுவது இரவில்தான் முடியும். பகலில் தூக்கினால் மேயப் போன ஈக்கள் திரும்பி வந்து கூட்டைக் காணாமல் தவித்துப்போகும். அதனால் இருட்டிய பிறகு பெட்டியின் வாசலை அடைத்து, குட்டியானையில் ஏற்றி, ரப்பர் துளிர்க்கும் தோட்டத்தில் விடிவதற்குள் இறக்கி வைத்துவிட வேண்டும். எதிரே வரும் வண்டியின் விளக்கு அண்ணனுக்குக் கண் கூசும் என்பதால் ஓட்டுவது நான். நள்ளிரவில் ஓர் ஆணும் பெண்ணும் ரப்பர்க் காட்டுக்குள் போனால் திற்பரப்பு வரை செய்தி போய்விடுகிறது. வண்டியில் ஏற்றியிருக்கும் பெட்டியைத் திறந்து பார்க்க மட்டும் எவனும் வருவதில்லை. வந்தால் நன்றாக இருக்கும்.

இந்தப் பேச்சையெல்லாம் கேட்டு அதிகம் சிரிப்பவர் அண்ணனின் மனைவி. மைனிக்குச் சினிமா என்றால் உயிர். ஞாயிறு இரவு அவர்கள் வீட்டில் மூன்று பேரும் படம் பார்ப்போம். “உங்கள் இரண்டு பேரைப் போல யாராவது எந்தப் படத்திலாவது உண்டா, தேடிக்கொண்டு வா” என்று எனக்கு வேலை வைத்திருக்கிறார். தமிழும் மலையாளமும் அவருக்கு ஒன்றுதான். மற்ற மொழி என்றால் கீழே ஓடும் எழுத்தை வாசிப்பார், அது வேகமாக ஓடாமல் இருந்தால்.

பார்த்தவை: ‘முதல் மரியாதை’ (1985). அருமையான படம், ஆனால் அது காதல், மரணப் படுக்கை வரை போகிற காதல். ‘இறுதிச்சுற்று’ (2016). பயிற்சியாளர் ஒழுங்காகத்தான் இருக்கிறார், அந்தப் பெண் காதலைச் சொல்லிவிடுகிறாள். ‘லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்’ (2003). டோக்கியோ ஓட்டலில் தூக்கம் வராத இரண்டு பேர், மிக அழகாகப் போகிறது. கடைசியில் நடுத்தெருவில் கட்டிப்பிடித்து முத்தம். மைனி எழுந்து டீ போடப் போய்விட்டார்.

இரணியல்_ரயில்:

‘டியர் ஜிந்தகி’ (2016) பாருங்கள். கௌரி ஷிண்டே இயக்கியது. ஆலியா பட் ஒளிப்பதிவாளர், ஷாருக் கான் மனநல மருத்துவர், கதை நடப்பது கோவாவில். அவளுக்கு அவர்மேல் ஓர் ஈர்ப்பு வருகிறது, அதை அவர் கையாளும் விதம்தான் படமே. பதறுவதும் இல்லை, உபதேசமும் இல்லை. மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவே இருக்கும் கோட்டை மரியாதையாகக் காட்டிவிட்டு விலகிக்கொள்கிறார். கடல் அலையோடு கபடி ஆடும் காட்சியும் உண்டு. முட்டத்தில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம், நம் அலைக்கு ‘அவுட்’ என்றால் என்னவென்று தெரியாது.

நேர்பேச்சு:

பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் படம் தேடுகிறீர்கள். இயற்கைக்கு விரோதமாக எவன் படம் எடுப்பான்?

பழைய_ஆப்பரேட்டர் (நாகர்கோவில்):

நேர்பேச்சு அவர்களே, எடுத்திருக்கிறார்கள். நான் தியேட்டரில் ஆப்பரேட்டருக்கு எடுபிடியாகச் சேர்ந்த புதிதில், ரீல் சுற்றிக்கொண்டே பார்த்த படம் அது. ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. ஜெயகாந்தனின் நாவல், 1972இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. திரைக்கதையையும் அவரே எழுதினார், பீம்சிங் இயக்கினார். கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது.

இளையவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். மழை நாளில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் கல்லூரிப் பெண்ணை ஒரு பணக்காரப் பையன் காரில் ஏற்றிக்கொள்கிறான். அவள் வாழ்க்கை அன்றோடு கவிழ்கிறது. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். பல வருடங்கள் கழித்து, உத்தியோகத்தில் நன்றாக இருக்கும் கங்கா அந்த மனிதனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். இப்போது பிரபு வளர்ந்த மகளுக்குத் தகப்பன், குடிகாரன், வீட்டில் மதிப்பில்லாதவன். இருவரும் நண்பர்கள் ஆகிறார்கள். நண்பர்கள் மட்டும்தான். ஊர் வேறு விதமாக நினைக்கிறது, நினைத்துக்கொள்ளட்டும் என்று கங்காவும் விட்டுவிடுகிறாள்.

நான் சொல்ல வந்தது வெங்கு மாமாவைப் பற்றி. துரத்தப்பட்டவளுக்கு அடைக்கலம் கொடுத்துப் படிக்க வைத்த தாய்மாமன். சாஸ்திரம் பேசும் வக்கீல். அந்த வீட்டில் கங்கா ஒவ்வொரு நாளும் பயந்து நடுங்குவது அவரிடம்தான். உறவுமுறை என்ற போர்வைக்குள் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறார். ஊர் அவரைச் சந்தேகிப்பதில்லை, மாமன் அல்லவா! எந்த உறவுமுறையும் இல்லாத பிரபுவோடு காரில் போனால்தான் நாக்கு நீள்கிறது. குலசேகரத்துத் தங்கை ‘மகள் மாதிரி’ வசனம் வேண்டாம் என்றது எனக்குப் பிடித்தது அதனால்தான். அந்த வசனத்தை வெங்கு மாமாவும் கூசாமல் பேசுவார்.

படம் முழுக்கப் பேச்சுதான். முடிவும் இனிக்காது. ஆனால் விசுவநாதன் இசையில் ‘கண்டதைச் சொல்லுகிறேன்’ பாட்டுக்காகவாவது பாருங்கள், அதையும் எழுதியவர் ஜெயகாந்தனே.

ரப்பர்தேன்:

ஆப்பரேட்டர் ஐயா, வெங்கு மாமாவைப் படித்தபோது எங்கள் குடும்பத்திலேயே இரண்டு முகங்கள் நினைவுக்கு வந்தன. ஆனால் ஒன்று நெருடுகிறது. அவ்வளவு பெரிய கொடுமையைச் செய்தவனுக்குக் கடைசியில் அவளுடைய நட்புமா பரிசு? நேர்பேச்சு அவர்களுக்கு: பஞ்சு யார், நெருப்பு யார் என்று சொன்னால் மைனியிடம் தெரிவித்துவிடுகிறேன்.

பழைய_ஆப்பரேட்டர்:

நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் பெண்கள் பகுதியிலிருந்து வெளியே வந்தவர்களும் இதையே சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்குத் தோன்றுவது, கங்கா அவனை மன்னிப்பதே இல்லை என்பது. தன் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட அந்த ஒரு நாளைப் பற்றி அவள் ஒளிவுமறைவில்லாமல் பேசக்கூடிய ஆள் உலகத்தில் அவன் ஒருவன்தான். வேறு யாரிடம் பேசினாலும் கெட்டுப்போனவள் என்ற இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மைனி பார்த்துவிட்டு என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள்.

தோவாளை_பிச்சி:

வண்டி ஓட்டுவது நீங்கள் என்றதும் எனக்கு ஒரே படம்தான் ஞாபகம் வந்தது. ‘டிரைவ் மை கார்’ (2021), ஜப்பான், இயக்கம் ஹமாகுச்சி. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. கிட்டத்தட்ட 3 மணி நேரம் ஓடும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கஃபுகு என்ற நாடக இயக்குநர் ஹிரோஷிமாவுக்கு ஒரு நாடகம் போட வருகிறார். விழா நடத்துபவர்கள், காரை நீங்கள் ஓட்டக் கூடாது என்று மிசாகி என்னும் 23 வயதுப் பெண்ணை ஓட்டுநராக வைக்கிறார்கள். தன் சிவப்பு சாப் காரை இன்னொருவர் தொடுவதே அவருக்குப் பிடிக்கவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறார். பல நாள் பயணத்துக்குப் பிறகு ஒரு நாள் முன்சீட்டுக்கு மாறுகிறார். எனக்கு அந்த இடமாற்றம் பத்துக் காதல் காட்சிகளுக்குச் சமம், காதலே இல்லாவிட்டாலும்.

கஃபுகுவின் மகள் சிறு வயதில் இறந்துபோனவள். இருந்திருந்தால் மிசாகியின் வயதுதான். நம் ஆட்கள் என்றால் அந்த இடத்திலேயே ‘மகளே’ என்று பாட்டு வைத்திருப்பார்கள். இவர் நேர்மாறு. நான் உன் தகப்பனாக இருந்தால் உன் தோளைப் பிடித்து உன்மேல் தவறில்லை என்று சொல்லியிருப்பேன், என்னால் அப்படிச் சொல்ல முடியாது என்கிறார். இருவர் மனத்திலும் ஒரு சாவின் குற்ற உணர்வு கிடக்கிறது. அதைப் பொய்யாகத் துடைத்துவிட ஒருவரும் முயல்வதில்லை.

இன்னொரு காட்சி. நாடகக் குழுவின் கொரியக்காரர் ஒருவர் வீட்டில் இரவுச் சாப்பாடு. அவருடைய மனைவி சைகை மொழியில் பேசும் நடிகை. சாப்பிடும்போது கஃபுகு மிசாகியின் ஓட்டும் திறமையைப் பாராட்டுகிறார், காரில் இருப்பதே சில சமயம் மறந்துபோகிறது என்று. அவள் நன்றிகூடச் சொல்லாமல் நாற்காலியிலிருந்து இறங்கி, தரையில் கிடக்கும் நாயைத் தடவத் தொடங்குகிறாள். தொழில் தெரிந்தவளைத் தொழிலுக்காகப் பாராட்டினால் அப்படித்தான் வெட்கம் வரும். எங்கள் சந்தையில் மாலை கட்டும் பெண்களிடம் பார்த்திருக்கிறேன்.

களியக்காவிளை_செக்போஸ்ட்:

மைனிக்கு மலையாளம் தெரியும் என்கிறீர்கள். யாராவது ‘முன்னறியிப்பு’ (2014) என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். மம்மூட்டி கொலைக்காகச் சிறைத் தண்டனை முடித்தவர், அபர்ணா கோபிநாத் அவர் கதையை எழுத வைக்கும் இளம் பத்திரிகையாளர். காதல் இல்லை, மகள் மாதிரியும் இல்லை, உங்கள் முதல் இரண்டு நிபந்தனையும் தேறிவிடும். மூன்றாவதை நான் பேச மாட்டேன். ராத்திரி ரப்பர்த் தோட்டத்துக்குப் போக வேண்டிய நாளில் மட்டும் பார்க்காதீர்கள்.

ரப்பர்தேன்:

எல்லோருக்கும் நன்றி. ஆப்பரேட்டர் ஐயாவின் படத்தையும் பிச்சி அக்காவின் படத்தையும் பார்த்துவிட்டோம். அண்ணன் ஜப்பான் படத்தில் பாதியில் தூங்கிவிட்டு, விழித்தபோது “இன்னுமா போய்க்கொண்டிருக்கிறார்கள், டீசல் என்ன ஆகும்” என்றார். மைனி கண் எடுக்காமல் பார்த்தார். கங்காவைப் பற்றி அவர் சொன்னது: “அவள் அவனை மன்னிக்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, தினம் தினம் தன் முகத்தைப் பார்க்க வைத்தாள்.”

ஆனால் மைனி ஒரு புதுக் குண்டைப் போட்டிருக்கிறார். இந்தப் படங்களில் எல்லாம் அந்த ஆளின் மனைவி எங்கே என்கிறார். எண்ணிப் பார்த்தால் உண்மை. ‘முதல் மரியாதை’யில் வாயாடி. டோக்கியோ படத்தில் தொலைபேசியில் மட்டும் வருகிறாள், தரைவிரிப்பு மாதிரிகள் அனுப்பி நச்சரிக்கிறாள். ஷாருக் கான் விவாகரத்தானவர். கஃபுகுவின் மனைவி செத்துப்போகிறாள். பிரபுவின் வீட்டில் பேச்சுவார்த்தையே சரியில்லை. வீட்டில் நல்ல மனைவி ஒருத்தி உயிரோடு இருந்தால் அந்த ஆணுக்கு வெளியே ஒரு சிநேகிதி இருக்க முடியாது என்று இந்த இயக்குநர்கள் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்களா?

விடை கொண்டு வருபவருக்கு மைனி கையால் ஒரு பாட்டில் சிறுதேன், அதாவது கொசுத்தேனீயின் தேன். விலை தெரிந்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

இரணியல்_ரயில்:

‘நேர்கொண்ட பார்வை’! அஜித் வக்கீல், மூன்று பெண்களுக்காக வாதாடுகிறார்… ஐயோ, அதிலும் வித்யா பாலன் இறந்துவிடுகிறார். இந்தி மூலமான ‘பிங்க்’கில் அமிதாப்பின் மனைவியும் நோயாளி, தப்பவில்லை. தேன் போயிற்று.

தோவாளை_பிச்சி:

‘மை மிஸ்டர்’ (2018) என்று எழுத வந்தேன். கொரியத் தொடர், 16 பாகம். நாற்பது கடந்த பொறியாளரும் அவர் அலுவலகத்தில் தற்காலிக வேலைக்கு வந்த 21 வயதுப் பெண்ணும். நீங்கள் கேட்ட நட்பு அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் மனைவிக்கு அவருடைய மேலதிகாரியோடு தொடர்பு. நானும் தோற்றேன்.

பழைய_ஆப்பரேட்டர்:

சிறுதேன் என்றால் விடமாட்டேன். நிபந்தனையைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மனைவி உயிரோடு இருந்தால் போதுமா, அடுக்களையில் நின்று சமைக்கவும் வேண்டுமா?

ரப்பர்தேன்:

சமைக்க வேண்டாமாம். இங்கே மீன் குழம்பு வைப்பது அண்ணன்தான். உயிரோடு இருக்க வேண்டும், நாலு வசனமாவது பேச வேண்டும், அவ்வளவுதான் என்கிறார்.